திப்பு சுல்தானின் மரப்புலி

பொறி என்னும் சொல் தமிழில் மிகப் பழமையானது. தானே இயங்கும் கருவியைப் பழந்தமிழர் பொறி என்று அழைத்தனர். மதுரைக் கோட்டையின் மதில்மேல் பகைவரைத் தாக்குவதற்காக வைக்கப்பட்டிருந்த பல பொறிகளைச் சிலப்பதிகாரம் வரிசைப்படுத்திக் கூறுகிறது. அவற்றுள் ஒன்று கரிய விரல்களையுடைய குரங்கின் வடிவில் அமைந்தது. 11ஆம் நூற்றாண்டில் தாரா நகரை ஆண்ட போஜ மன்னரின் பெயரால் வழங்கும் சமராங்கண சூத்திரதாரம் என்னும் வடமொழி நூலும் மரத்தால் செய்த இயந்திரப் பொம்மைகளைப் பற்றிப் பேசுகிறது.

ஜப்பான் நாட்டில் இக்கலை தனிச் சிறப்புடன் வளர்ந்தது. அங்கே இப்பொம்மைகளைக் கராகுரி என்பர். விருந்தினருக்குத் தேநீர் கொண்டு செல்லும் பொம்மை அவற்றுள் புகழ் பெற்றது. அதன் கையிலுள்ள தட்டில் கோப்பையை வைத்தால் அது முன்னோக்கி நகரும். கோப்பையை எடுத்தால் நின்றுவிடும். மீண்டும் வைத்தால் திரும்பிப் புறப்பட்ட இடத்திற்கே செல்லும். அதன் பற்சக்கரங்கள் மரத்தால் ஆனவை. சுருள்வில்லோ திமிங்கிலத்தின் வாயிலுள்ள தகட்டால் ஆனது. இத்தகைய பொம்மைகளைச் செய்யும் முறையைப் படங்களுடன் விளக்கும் நூல் ஒன்று 1796ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில், காவிரியாறு சூழ்ந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஓர் அரசரின் அரண்மனையில் மற்றொரு பொறிப்பொம்மை இருந்தது. அது தேநீர் தரவில்லை, உறுமியது. அந்தப் பொம்மைக்கு உரிமையாளர் மைசூரை ஆண்ட திப்பு சுல்தான்.

இளமை

இன்றைய பெங்களூரு விமான நிலையத்திற்கு அருகில் உள்ள தேவனஹள்ளியில், 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திப்பு பிறந்தார். தந்தை ஹைதர் அலி. தாய் பாத்திமா பக்ருன்னிசா. தமிழகத்தின் ஆற்காட்டில் அடக்கமான திப்பு மஸ்தான் அவுலியா என்னும் இறைநேசரின் பெயரே குழந்தைக்குச் சூட்டப்பட்டது என்பர்.

ஹைதர் அலி மைசூர் உடையார்களின் படையில் பணியாற்றித் தம் திறமையால் உயர்ந்தவர். 1761ஆம் ஆண்டில் ஆட்சிப் பொறுப்பு முழுவதும் அவர் கைக்கு வந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தம் மகனோ கல்வியில் குறைவின்றி வளரவேண்டும் என்று அவர் விரும்பினார். ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். பாரசீகம், அரபு, கன்னடம் முதலிய மொழிகளைத் திப்பு கற்றார். குதிரையேற்றமும் வாட்பயிற்சியும் பெற்றார். நூல்களின்மீது அவருக்கு இருந்த விருப்பம் இறுதிவரை குறையவில்லை. பிற்காலத்தில் அவருடைய அரண்மனை நூலகத்தில் ஏறத்தாழ 2000 நூல்கள் இருந்தன.

போர்க்களத்தில்

கிழக்கிந்தியக் கம்பெனியார் வணிகத்திற்காக வந்து, நாடு பிடிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. 1767ஆம் ஆண்டில் மைசூருக்கும் கம்பெனிக்கும் முதற்போர் மூண்டது. பதின்ம வயதினராகிய திப்பு அப்போரிலேயே களம் கண்டார். 1769இல் ஹைதரின் படை சென்னை நகரின் வாயில்வரை சென்றது. கம்பெனியார் உடன்படிக்கை செய்துகொண்டனர்.

இரண்டாம் போரில், 1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள பொள்ளிலூரில் மைசூர்ப் படை கர்னல் பெய்லியின் படையை முறியடித்தது. அவ்வெற்றியில் திப்புவின் பங்கு பெரிது. இரும்புக் குழாயில் மருந்தை அடைத்து ஏவப்படும் ஏவுகணைகளை மைசூர்ப் படை பயன்படுத்தியது. அவை பகைவரின் வெடிமருந்து வண்டிகளில் தீப்பற்றச் செய்தன என்று கூறப்படுகிறது. அப்போரின் காட்சியைத் திப்பு பின்னர்த் தம் தரியா தௌலத் மாளிகையின் சுவரில் பெரிய ஓவியமாகத் தீட்டச் செய்தார். அவ்வோவியத்தை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இன்றும் காணலாம். மைசூர் ஏவுகணைகளை ஆராய்ந்தே ஆங்கிலேயர் பிற்காலத்தில் தம் ஏவுகணைகளை உருவாக்கினர்.

1782 டிசம்பரில் ஹைதர் அலி சித்தூருக்கு அருகில் பாசறையில் காலமானார். திப்பு அரியணை ஏறினார். 1784இல் மங்களூர் உடன்படிக்கையுடன் அப்போர் முடிந்தது.

அரசரும் புலியும்

திப்பு புதுமையை விரும்பிய அரசர். மைசூர் நாட்டில் பட்டுப்புழு வளர்ப்பை ஊக்குவித்தார். புதிய நாணயங்களை வெளியிட்டார். நாள்காட்டியையும் அளவைகளையும் மாற்றியமைத்தார். தந்தை தொடங்கிய லால்பாக் தோட்டத்தை வளர்த்தார். பெங்களூருக் கோட்டைக்குள் ஹைதர் தொடங்கிய மரத்தூண் மாளிகையை 1791இல் கட்டி முடித்தார். அவர் அனுப்பிய தூதுக்குழு 1788இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியைக் கண்டு, கடிகாரம் செய்வோர் உள்ளிட்ட கைவினைஞர்களை மைசூருக்கு அனுப்புமாறு வேண்டியது.

அவருடைய ஆட்சியைப் பற்றி இருவேறு நினைவுகள் உள்ளன. சிருங்கேரி மடம் மராட்டியப் படையினரால் சூறையாடப்பட்டபோது பொருளுதவி அளித்தவர் அவர். அவரது அரண்மனைக்கு அருகிலேயே அரங்கநாதர் கோயில் வழிபாடு குன்றாமல் விளங்கியது. எனினும் மலபாரிலும் குடகிலும் அவர் நடத்திய போர்கள் கடுமையானவை. அங்குள்ள மக்கள் பலர் ஊரையும் உறவையும் இழந்தனர். வரலாற்றைக் கற்போர் இவ்விரண்டையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.

புலியே திப்புவின் சின்னம். அரியணையின் கீழே பொன் தகடு வேய்ந்த புலித்தலை இருந்தது. வாளின் பிடியிலும் பீரங்கியின் வாயிலும் புலிமுகம் இருந்தது. வீரர்களின் உடையில் புலியின் வரிகள் இருந்தன.

மைந்தரைப் பிரிந்த தந்தை

மூன்றாம் போர் திப்புவுக்குப் பெருந்துயரைத் தந்தது. 1791 மார்ச்சு மாதத்தில் காரன்வாலிஸ் பெங்களூருக் கோட்டையைக் கைப்பற்றினார். மராட்டியரும் ஐதராபாத் நிசாமும் கம்பெனியுடன் சேர்ந்துகொண்டனர். மறு ஆண்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகைக்கு உள்ளானது.

1792இல் உடன்படிக்கை எழுதப்பட்டது. நாட்டில் பாதியைத் திப்பு இழந்தார். சேலம், திண்டுக்கல், கிருஷ்ணகிரி முதலிய பகுதிகள் கம்பெனிக்குச் சென்றன. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தருவதாகவும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அத்தொகை செலுத்தப்படும்வரை அவருடைய மைந்தர் இருவர் பிணையாக இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. அப்துல் காலிக், முயிசுத்தீன் என்னும் அவ்விரு சிறுவரும் யானைமீது ஏறிப் பகைவரின் பாசறைக்குச் சென்றனர். பின்னர்ச் சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். 1794இல்தான் அவர்கள் தந்தையிடம் திரும்பினர்.

உறுமும் பொறி

அந்த 1790களில்தான் மரப்புலி உருவாயிற்று என்பது ஆய்வாளர் கருத்து. ஐரோப்பிய உடை அணிந்த ஒருவன் தரையில் மல்லாந்து கிடக்கிறான். அவன்மீது ஏறி நிற்கும் புலி அவனுடைய கழுத்தைக் கவ்வுகிறது. நீளம் 172 செ.மீ.; உயரம் 71 செ.மீ. மரத்தில் செதுக்கி வண்ணம் தீட்டப்பட்டது.

புலியின் உடலில் ஒரு கைப்பிடி உண்டு. அதனைச் சுழற்றினால் உள்ளே உள்ள துருத்திகள் இயங்கும். ஒரு துருத்தியின் காற்று மனிதனின் தொண்டைக் குழல் வழியாக வெளியேறும். அஃது அழுகுரல்போல் ஒலிக்கும். அதே வேளையில் அவனுடைய இடக்கை மேலும் கீழும் அசையும். புலியின் தலைக்குள் உள்ள மற்றொரு குழலிலிருந்து உறுமல் எழும். புலியின் விலாப்பகுதியில் ஒரு கதவு உள்ளது. அதனைத் திறந்தால் 18 விசைகளைக் கொண்ட சிறிய இசைக்கருவி தெரியும். ஆர்மோனியத்தில் காற்றும் விசையும் சேர்ந்து ஒலி எழுப்புவதுபோல, இங்கும் துருத்தியின் காற்றே இசையாகிறது.

இதனைச் செய்த கைவினைஞரின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. மரவேலையும் வண்ணமும் இந்நாட்டு மரபைச் சேர்ந்தவை. உள்ளிருக்கும் பொறியமைப்பில் பிரெஞ்சுக்காரர் துணை இருந்திருக்கலாம் என்பர். 1792இல் வங்காளத்தின் சாகர்த் தீவில் ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோவின் மகன் புலியால் தாக்குண்டு இறந்தான். அச்செய்தியே இப்பொம்மைக்கு வித்திட்டது என்று சிலர் கருதுகின்றனர். காரணம் எதுவாயினும், களத்தில் நாட்டின் பாதியை இழந்த அரசர், தம் சின்னமாகிய புலி வெல்லும் காட்சியைத் தம் அரண்மனையில் வைத்திருந்தார்.

இறுதி நாள்

1799இல் நான்காம் போர் தொடங்கியது. கம்பெனிப் படை ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையின் மதிலை உடைத்தது. மே 4ஆம் நாள் பிற்பகலில் வீரர்கள் உள்ளே புகுந்தனர். திப்பு தப்பிச் செல்ல முயலவில்லை. கோட்டை வாயில் ஒன்றின் அருகே வீரர்களோடு வீரராக நின்று போரிட்டு மாண்டார். மறுநாள் தம் பெற்றோரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார். கும்பஸ் எனப்படும் அக்கல்லறை மாடம் இன்றும் உள்ளது.

அரண்மனையின் இசைக்கூடத்தில் மரப்புலியை ஆங்கிலேயர் கண்டெடுத்து இலண்டனுக்கு அனுப்பினர். 1808இல் அது கம்பெனியின் மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. வந்தவரெல்லாம் கைப்பிடியைச் சுழற்றினர். அந்த ஓசையால் அருகில் இருந்து நூல் படித்தோர் தொல்லையுற்றனர். பின்னர் அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தை அடைந்தது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் கூரை இடிந்து விழுந்து பொம்மை பல துண்டுகளானது. அத்துண்டுகளை ஒன்றுசேர்த்து மீண்டும் உருவாக்கினர். இன்று கண்ணாடிப் பேழைக்குள் அது அமைதியாக நிற்கிறது.

தமிழகத்தில் எழுந்த புலிக்கொடி

திப்புவின் குடும்பத்தார் தமிழகத்திலுள்ள வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1806 ஜூலை 10 அன்று அக்கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். திப்புவின் புலிக்கொடி கோட்டையில் ஏற்றப்பட்டது. கிளர்ச்சி அன்றே கொடுமையாக ஒடுக்கப்பட்டது. திப்புவின் மைந்தர் கொல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தங்கிய ஆங்கிலப் படையினர் காய்ச்சலால் துன்புற்றனர். எனவே 1809இல் பெங்களூரில் புதிய படைநகரம் அமைக்கப்பட்டது. சென்னை மாகாணப் படையைச் சேர்ந்த தமிழ் வீரர்கள் அங்கு வந்தனர். அவர்களைத் தொடர்ந்து வணிகர், கட்டடத் தொழிலாளர், தோட்டக்காரர் எனப் பல தமிழ்க் குடும்பங்கள் குடியேறின. அல்சூர், சிவாஜி நகர் ஆகிய பகுதிகளில் தமிழ் ஒலித்தது. பின்னாளில் காக்ஸ் என்னும் ஆங்கில அலுவலரின் பெயரால் தோன்றிய காக்ஸ் டவுனிலும் தமிழர் வாழ்ந்தனர், இன்றும் வாழ்கின்றனர். திப்புவின் வீழ்ச்சிக்குப் பின் எழுந்த படைநகரமே இத்தமிழ்க் குடியிருப்புகளுக்கு வித்தாயிற்று.

பெங்களூருக்கும் மைசூருக்கும் இடையே உள்ள சென்னபட்டணத்தில் வண்ண மரப்பொம்மைகள் செய்வோர் இன்றும் பலர் உள்ளனர். அத்தொழிலைத் திப்புவே பாரசீகக் கைவினைஞரை வரவழைத்துத் தொடங்கிவைத்தார் என்பது மரபுச் செய்தி. அரசரின் அரியணை உடைக்கப்பட்டது, கோட்டை இடிந்தது. கைவினைஞரின் கடைசல் சக்கரமோ இன்றும் சுழல்கிறது.

அருஞ்சொற்பொருள்

பொறி – இயந்திரம்
பாசறை – படை தங்கும் இடம்
பிணை – உறுதிக்காக ஒப்படைக்கப்படுவது
மைந்தர் – புதல்வர்
துருத்தி – காற்றை ஊதும் கருவி
பேழை – பெட்டி
வித்து – விதை, தொடக்கக் காரணம்

பயிற்சி

1. ஜப்பானியத் தேநீர்ப் பொம்மை எவ்வாறு இயங்குகிறது?
2. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் திப்பு இழந்தவை யாவை?
3. மரப்புலியின் கைப்பிடியைச் சுழற்றும்போது நிகழ்வனவற்றை வரிசையாக எழுதுக.
4. திப்புவின் ஆட்சியைப் பற்றிய இருவேறு நினைவுகளை விளக்குக.
5. பெங்களூரில் தமிழர் குடியேறியதற்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வீழ்ச்சிக்கும் உள்ள தொடர்பு யாது?
6. உங்கள் குடும்பத்தார் பெங்களூருக்கு எப்போது, எதற்காக வந்தனர் என்பதை வீட்டுப் பெரியோரிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.