வெடியின் வலிமையை அளந்த மேதை

தூரத்தில் ஒரு வெடி வெடித்தால் முதலில் ஒளி தெரிகிறது. சற்றுப் பொறுத்தே கதவும் ஜன்னலும் அதிர்கின்றன. அந்த அதிர்ச்சியைச் சுமந்து வருவது காற்று. அதன் இயல்பைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஜெஃப்ரி இங்ரம் டெய்லர் என்னும் ஆங்கிலேய அறிஞர்.

1886-ஆம் ஆண்டு லண்டனில் பிறந்த இவர், கணித மேதை ஜார்ஜ் பூலின் பேரன். பாட்டி மேரி, எவரெஸ்ட் சிகரத்திற்குப் பெயர் தந்த ஜார்ஜ் எவரெஸ்டின் உறவினர். சிற்றன்னை அலிசியாவோ பல்கலைக்கழகப் படியேறாமலே வடிவ கணிதத்தில் புகழ் பெற்றவர்! கேம்பிரிட்ஜில் பயின்ற டெய்லர், டைட்டானிக் மூழ்கிய மறு ஆண்டு, 1913-இல், பனிப்பாறைகளைக் கண்காணித்த கப்பலில் சென்று, பட்டங்களைப் பறக்கவிட்டுக் காற்றை ஆராய்ந்தார்.

1941-இல், போர்க்காலத்தில், பெரும் வெடியினால் காற்றில் என்ன நிகழும் என்று ஆராயும் பணி அவரிடம் வந்தது. வெடித்த இடத்தைச் சுற்றிக் காற்று நெருக்குண்டு, கோளவடிவச் சுவர்போல் விரிகிறது. அதன் ஆரம், வெடியின் ஆற்றல், கடந்த நேரம், காற்றின் அடர்த்தி ஆகிய மூன்றையே பொறுத்தது என அவர் கண்டார். ஆகவே ஆரமும் நேரமும் தெரிந்தால் ஆற்றலைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா?

1945 ஜூலை 16 அன்று அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்டபோது டெய்லரும் அங்கிருந்தார். நான்கு வாரங்களுக்குள் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்தன. சோதனையின் படங்கள் 1947-இல் வெளியாயின. குண்டின் வலிமையோ இரகசியமாகவே இருந்தது. வெடித்த 0.025 வினாடியில் தீக்கோளத்தின் ஆரம் சுமார் 130 மீட்டர் என்பதைப் படம் காட்டியது. இத்தகைய அளவுகளைக் கொண்டே, அது சுமார் 17,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம் என்று 1950-இல் அவர் எழுதினார். 2021-இல் வெளியான மறு ஆய்வு அதனைச் சுமார் 25,000 டன் எனக் கணித்தது.

1975-இல் டெய்லர் மறைந்தார். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியபோது, பொதுமக்கள் எடுத்த படங்களிலிருந்தே அதன் வலிமையை ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். கட்டிடம் எத்தனை தொலைவில் நின்றால் தப்பும் என்று கூறுவதும் இக்கல்வியே.

அழிவுக்காகத் தேடிய அறிவே காக்கவும் உதவுகிறது. கணக்கு விடையைத் தரும்; அதை எதற்குப் பயன்படுத்துவது என்பதை நம் மனச்சாட்சிதான் சொல்ல வேண்டும். கற்கும் நாம் இதை மறவாதிருப்போமாக!