அச்செழுத்தும் சீகன்பால்கு ஐயரும்

கொட்டாஞ்சேனையிலே கோயில் திருவிழா நெருங்கிவிட்டால் மதில்தோறும் சுவரொட்டிகள் தோன்றும். அவற்றின் தலைப்பில் நிற்கும் எழுத்துக்களைச் சற்றே உற்று நோக்குவோமாக. தடித்தவை; உயர்ந்தவை; ஆயினும் அகலம் ஒடுங்கியவை. தாளின் அகலமோ சிறிது. ஊரின் பெயரோ நீண்டது. வீதியின் மறுபுறத்தில் நடப்பவர் கண்ணிலும் அது படவேண்டும். ஆகவே எழுத்துப் பருக்கவும் வேண்டும், ஒடுங்கவும் வேண்டும். தமிழில் இஃது எளிதன்று. கோடு பருக்கப் பருக்கச் சுழியின் உள்வெளி அடைபடும். அடைபட்டால் இரண்டு சுழி னகரம் எது, மூன்று சுழி ணகரம் எது என்பது விளங்காமற் போகும்.

இடத்துக்கும் எழுத்துக்கும் இடையே நிகழும் இவ்வழக்கு நேற்று எழுந்ததன்று. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒருவருடைய வாழ்நாட் பணியை அது தடுத்து நிறுத்தப் பார்த்தது. அவரே பார்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர்.

இவர் 1682ஆம் ஆண்டில் செருமனியின் சாக்சனி நாட்டுப் புல்சுனிற்சு என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே பெற்றோரை இழந்தார். உடல்நலமும் அவருக்கு வாய்க்கவில்லை. ஆலே நகரிற் பயின்ற அவரை, தென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கு சமயப் பணிக்குத் தேர்ந்து அனுப்பினார். தோழர் புளூச்சோவுடன் கப்பலேறி 1706 யூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார்.

வந்தவர் முதலிற் செய்தது மாணவராக அமர்ந்ததேயாகும். திண்ணைப் பள்ளிச் சிறுவரோடு சமமாக இருந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். ஏடுகளைத் தேடித் திரட்டினார். படித்தவற்றுக்கு 1708இல் ஒரு விரிவான பட்டியலும் வரைந்தார். அவ்வாண்டின் இறுதியில் ஆட்சித் தலைவரின் சினத்துக்கு ஆளாகி நான்கு மாதம் சிறையிருந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கும் பணியை 1708இலே தொடங்கி 1711இல் நிறைவேற்றினார்.

நூல் முடிந்தது, அதனை அச்சிடுவது எங்ஙனம்? இலண்டனிலிருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அச்சுப்பொறி ஒன்றைக் கப்பலேற்றிற்று. வழியிலே பிரெஞ்சுக்காரர் அக்கப்பலைப் பிடித்தனர். உடன் வந்த அச்சாளர் ஊர் சேருமுன்னரே இறந்தார். பொறி மாத்திரம் 1712இல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துக்களோ ஆலே நகரிலே செதுக்கப்பட்டன. தரங்கம்பாடியிலிருந்து அனுப்பிய வரிவடிவங்களைப் பார்த்து, தமிழைக் கண்டும் கேட்டுமறியாத தொழிலாளர் அவற்றை வெட்டி வார்த்தனர். 1713இல் அவ்வெழுத்துக்கள் வந்திறங்கின. ஆட்லர் என்னும் வார்ப்புத் தொழில் வல்லுநரும் உடன் வந்தார்.

இங்கேதான் இடர் தோன்றிற்று. எழுத்துக்கள் அளவிற் பெரியன. ஒரு பக்கத்திற் சில வரிகளே அடங்கின. ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து வரவேண்டிய காகிதத்தை அவை விரைந்து விழுங்கின. நான்கு சுவிசேடங்களும் அப்போத்தலர் நடபடிகளும் 1714இல் வெளிவந்தன. எஞ்சியதையும் அதே எழுத்தில் அச்சிட முயன்றிருந்தால், காகிதம் தீர்ந்து நூல் நடுவிலே நின்றிருக்கும்.

எழுத்தைச் சிறிதாக்கினாலன்றி வேறு வழியில்லை. ஆட்லர் தரங்கம்பாடிப் பகுதியிலேயே புதிய அச்சுக்களைச் செய்து சிறிய எழுத்துக்களை வார்த்தார். பாலாடைக்கட்டியைப் பொதிந்து வந்த ஈய உறைகளையும் உருக்கி இதற்குப் பயன்படுத்தினர் என்பர். எஞ்சிய பகுதி 1715இல் முற்றுப்பெற்றது. பொறையாற்றிலே காகித ஆலை ஒன்றும் எழுந்தது. ஆலேயில் வெட்டிய எழுத்துப் பிழையானதன்று. நீண்ட நூலுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவே. தலைப்புக்கு உரிய எழுத்தால் உள்ளுரையைக் கோக்க இயலாது. உள்ளுரைக்கு உரிய எழுத்து மதிலிலே நின்று வழிப்போக்கரை அழைக்காது.

ஐயர் இடையில் ஐரோப்பா சென்றார். அவர் இலத்தீனில் இயற்றிய தமிழ் இலக்கணம் 1716இல் ஆலேயில் அச்சாயிற்று. அவ்வாண்டே மனைவி மரியா தொரொத்தேயாவுடன் தரங்கம்பாடிக்கு மீண்டார். 1718இல் புதிய எருசலேம் ஆலயம் நிறைவுற்றது. 1719 பெப்ருவரி 23ஆம் நாள், முப்பத்தாறாம் வயதில், அவர் உயிர் நீத்தார். பழைய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பு ரூத்து ஆகமம் வரையே வந்திருந்தது. பிறர் அதை முடித்தனர். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதி முடித்த நூல், ஆலேயில் இருந்தோர் விரும்பாமையால் ஏட்டளவிற் கிடந்து, 1867இலே சென்னையில் அச்சேறியது. அச்சுக்கூடத்தை நிறுவியவரின் நூலே நூற்றைம்பது ஆண்டு அச்சுக்குக் காத்திருந்தமை எண்ணத்தக்கது.

கொழும்பிலே ஒல்லாந்தர் நிறுவிய அச்சகத்தின் முதல் நூல் 1737இல் சிங்களத்தில் வெளிவந்தது. 1759இல் தமிழ்ப் புதிய ஏற்பாடும் இந்நகரில் அச்சாயிற்று. கொட்டாஞ்சேனையை அடுத்த மேட்டில் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயம் அக்காலத்ததே. இன்று எழுத்தை வார்க்க ஈயம் வேண்டாம். கணினித் திரையிலே பருமனும் அகலமும் நொடியில் மாறும். ஆயினும் சுழி அடைபடாமற் காக்கும் பொறுப்பு எழுத்து வரைவோரை விட்டு நீங்கவில்லை. அடுத்த திருவிழாச் சுவரொட்டியிலே ணகரத்தின் மூன்று சுழியும் தெளிவாகத் தெரிந்தால், காகிதம் போதாமல் கலங்கிய அத்தரங்கம்பாடி அச்சுக்கூடத்தை ஒருகணம் நினைத்துக்கொள்வோமாக.