பயிர் போடாத நிலத்துக்கு அரசுப் பணம்... யார் இந்த ஹென்றி வாலஸ்?

பயிர் போட்டால் மானியம் தருவார்கள், தெரியும். பயிர் போடாமல் சும்மா இருந்தால்? அதற்கும் 1933-ல் பணம் கொடுத்தது அமெரிக்க அரசு. அந்தத் திட்டத்தை நடத்தியவர் ஹென்றி வாலஸ். நம்மூர் மாவட்டம் மாதிரி அங்கே கவுன்டி. கவுன்டி கவுன்டியாக இன்றும் விவசாயிகளுக்குப் போகும் மானியத்தின் ஆரம்பம் அவர் காலம்தான்.

விதைக்காரர்

1888-ல் அயோவா மாநிலத்தின் அடேர் கவுன்டியில், ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார் வாலஸ். குடும்பமே விவசாயப் பத்திரிகை நடத்தியது. அப்பா 1921 முதல் 1924 வரை வேளாண் அமைச்சர். மகனுக்கோ மக்காச்சோளத்தின் மேல்தான் கண். 1926-ல் வீரிய ஒட்டு விதை விற்க கம்பெனி தொடங்கினார். பயனியர் என்று பின்னாளில் பெரிதாக வளர்ந்தது அதுதான்.

பணம் எப்படி வந்தது?

1933-ல் அதிபர் ரூஸ்வெல்ட் அவரை வேளாண் அமைச்சர் ஆக்கினார். பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். களத்தில் விளைச்சல் குவிந்தது, கையில் கிடைத்ததோ அடிமாட்டு விலை. வாலஸ் சொன்ன வழி சிம்பிள்: சாகுபடியைக் குறைத்தால் விலை ஏறும், குறைப்பவருக்கு அரசு பணம் தரும். விளைபொருளை வாங்கும் ஆலைகளிடம் வரி போட்டு அந்தப் பணம் திரட்டப்பட்டது. யாருக்கு எத்தனை ஏக்கர் என்பதை முடிவு செய்தது உள்ளூர் விவசாயிகளின் கவுன்டி குழு.

அந்த வருஷம் பருத்தி ஏற்கெனவே வளர்ந்துவிட்டது. அதனால் சுமார் 1 கோடி ஏக்கர் பருத்தி உழுது அழிக்கப்பட்டது. சுமார் 60 லட்சம் பன்றிகளும் கொல்லப்பட்டன. ஊரே பசியில் கிடக்கும்போது இப்படியா என்று கோபம் கிளம்பியது.

யார் கைக்குப் போனது?

உண்மையான சிக்கல் வேறு. தெற்கு மாநிலங்களில் பருத்தி போட்டவர்களில் ஏராளமானோர் வாரத்துக்கு உழுதவர்கள், சொந்த நிலம் இல்லாதவர்கள். ஆனால் பணம் போனது பெரும்பாலும் நில உரிமையாளர் கைக்கு. பங்கு கொடுக்காதவர்கள் உண்டு. நிலம் குறைந்துவிட்டதே, ஆள் எதற்கு என்று துரத்தியவர்களும் உண்டு. 1934-ல் ஆர்கன்சாவின் டைரோன்சாவில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து குத்தகை விவசாயிகள் சங்கம் தொடங்கினார்கள்.

வாலஸின் துறைக்குள்ளேயே சில வக்கீல்கள் உழுபவர் பக்கம் நின்றார்கள். 1935-ல் அவர்கள் வேலையை விட்டு அனுப்பப்பட்டார்கள். அதற்குச் சம்மதித்தவர் வாலஸ். தெற்கு எம்.பி.க்களின் தயவு இல்லாமல் திட்டமே ஓடாது என்ற நிலை.

1936-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அதே வருஷம் தெற்கே சுற்றுப்பயணம் போன வாலஸ், அங்கிருந்த வறுமையைப் பார்த்து அதிர்ந்தார். குத்தகை விவசாயிகள் நிலம் வாங்கக் கடன் தரும் சட்டம் 1937-ல் வந்தது. துரத்தப்பட்டவர்களுக்கு அது ரொம்ப லேட். மானியத்துக்கு 1938-ல் புதிய சட்டம் வந்தது.

அதன் பிறகு

1941 முதல் 1945 வரை துணை அதிபர். 1948-ல் அதிபர் தேர்தலில் நின்று தோற்றார். கடைசி வருஷங்களில் நியூயார்க் பண்ணையில் கோழி, ஸ்ட்ராபெரி ஆராய்ச்சி. 1965-ல் காலமானார்.

விவசாயிகள் தேர்ந்தெடுக்கும் கவுன்டி குழு இன்றும் இருக்கிறது. அதிக ஏக்கர் வைத்திருப்பவருக்கே அதிகப் பணம் என்ற கணக்கும் பெரிதாக மாறவில்லை.