5 ட்ரை, 17 போட்டி, 25 வயது: யார் இந்த ரொனால்ட் பூல்டன்-பாமர்?

பணக்காரக் குடும்பம், ஆக்ஸ்போர்டு படிப்பு, இங்கிலாந்து கேப்டன் பதவி. இப்படி எல்லாம் கிடைத்த ஒருவர், கூலித் தொழிலாளி வீரர்களுக்காகக் குரல் கொடுத்தார். அவர்தான் ரக்பி வீரர் ரொனால்ட் பூல்டன்-பாமர்.

ஆரம்பம் எப்படி?

1889-ல் ஆக்ஸ்போர்டில் பிறந்தார். அப்பா விலங்கியல் பேராசிரியர். 1908-ல் கேம்பிரிட்ஜுக்கு எதிரான ஆட்டத்தில் பல்கலைக்கழக அணி இவரைச் சேர்க்கவில்லை. ஆனால் அடுத்த மாதமே இங்கிலாந்து அணியில் இடம் கிடைத்தது! 1909 இறுதியில் அதே கேம்பிரிட்ஜுக்கு எதிராக 5 ட்ரை அடித்தார். பந்தை எதிரணிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய்த் தரையில் வைப்பதுதான் ட்ரை. வளைந்து நெளிந்து ஓடி எதிராளியை ஏமாற்றுவது இவரது ஸ்டைல்.

என்ன பிரச்சினை?

அப்போது ரக்பி யூனியனில் காசு வாங்கி ஆடக் கூடாது. வசதியானவருக்கு ஓகே. ஆனால் ஆட்டத்துக்காக லீவு போட்டால் தொழிலாளிக்கு அன்றைய கூலி போச்சு. அந்த இழப்பை ஈடுகட்டக் கேட்டு மறுக்கப்பட்டதால்தான் 1895-ல் வடக்கு இங்கிலாந்து கிளப்கள் பிரிந்துபோய், பிற்பாடு ரக்பி லீக் உருவானது.

1912-ல் டெவன் பகுதி வீரர்கள் சிலர் பணம் வாங்கியதாக ரக்பி யூனியன் நடவடிக்கை எடுத்தது. பூல்டன் சும்மா இருக்கவில்லை. இழந்த கூலியைத் தருவதில் தப்பில்லை என்று பத்திரிகைக்கே கடிதம் எழுதினார். அணியில் ஆடிக்கொண்டே நிர்வாகத்தை விமர்சிப்பது சின்ன விஷயமில்லை.

பிஸ்கட் வாரிசு

1913-ல் தாய்மாமா இறந்தார். 'ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ்' பிஸ்கட் கம்பெனிக் குடும்பத்தின் சொத்து இவருக்கு வந்தது. கூடவே 'பாமர்' என்ற பெயரும் சேர்ந்தது. ரெடிங் நகரில் அந்த கம்பெனியில் வேலை கற்றுக்கொண்டே, ஏழைச் சிறுவர்களுக்கான கிளப்பிலும் நேரம் செலவிட்டார்.

கடைசி ஆட்டம்

1914-ல் இவர் தலைமையில் இங்கிலாந்து ஆடிய நான்கு ஆட்டங்களிலும் ஜெயித்தது. ஏப்ரலில் பாரிஸ் அருகே பிரான்ஸை 39-13 என வீழ்த்தியபோது இவர் மட்டும் 4 ட்ரை. அது இவரது 17-வது சர்வதேசப் போட்டி. அதுவே கடைசியும்கூட.

சில மாதங்களில் உலகப்போர் வந்தது. 1915 மே 5-ம் தேதி இரவு, பெல்ஜியத்தின் ப்ளூக்ஸ்டீர்ட் காட்டுப் பதுங்குகுழியில் வேலையை மேற்பார்வையிட்டபோது, மறைந்திருந்து சுட்டவரின் தோட்டா பாய்ந்து இறந்தார். வயது 25. சக வீரர்களோடு அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

ரக்பி யூனியன் சம்பளத்துக்கு அனுமதி கொடுத்தது 1995-ல். அவர் கடிதம் எழுதி அதற்குள் 83 வருஷம் ஓடியிருந்தது.