கோபித்தவரைத் தேடிப் போன சுந்தரர்

திருவாரூர்க் கோவில் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடி இருந்தார்கள். அவர்களைக் கும்பிடாமல் ஒருவர் உள்ளே போனார். அவர்தான் சுந்தரர். மனதுக்குள் கும்பிட்டார். ஆனால் அது யாருக்குத் தெரியும்?

விறன்மிண்டர் என்ற அடியாருக்குக் கோபம் வந்தது. சுந்தரரைத் தங்கள் கூட்டத்தில் இருந்தே தள்ளிவைத்துவிட்டார். அவரை ஆட்கொண்ட சிவபெருமானையும் விடவில்லை!

தேர் உருட்டிய சிறுவன்

சுந்தரர் பிறந்த ஊர், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருநாவலூர். காலம், சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன்பு. தந்தை சடையனார், தாய் இசைஞானியார். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய பிள்ளையை மன்னர் நரசிங்க முனையரையர் பார்த்தார். பெற்றோரிடம் கேட்டு வாங்கி, அரண்மனையில் வளர்த்தார்.

செல்லமாக வளர்ந்தவர். கோபமும் உண்டு. ஆனால் விறன்மிண்டரிடம் அவர் கோபிக்கவில்லை. அடியார் ஒவ்வொருவருக்கும் தாம் அடியவர் என்று பாடினார். அதுவே திருத்தொண்டத்தொகை. 11 பாட்டுகள். தனி அடியார் 60 பேர், தொகை அடியார் 9 கூட்டம். குயவர், வேடர், மீனவர், மன்னர், எல்லோரும் அதில் உண்டு. தம்மைத் தள்ளிவைத்த விறன்மிண்டரை முதல் பாட்டிலேயே வைத்தார்!

இன்று சென்னையிலும் பெங்களூரிலும் பல கம்ப்யூட்டர் கம்பெனிகளில், புரோகிராம் எழுதுவோர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூடிப் பேசுகிறார்கள். எங்கே பிசகு என்று பார்த்து, உடனே திருத்துகிறார்கள். தலைவர் முகம் சுளித்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பிசகு அப்படியே தங்கிவிடும். நேருக்கு நேர் சொல்ல ஒரு விறன்மிண்டர் வேண்டும். கேட்டுக்கொள்ள ஒரு சுந்தரரும் வேண்டும்.

கையில் வாள்

இன்னொரு கோபம் இதைவிடப் பெரியது.

சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தார். திருவாரூரில் இருந்த முதல் மனைவி பரவையார் மனம் கசந்தார். சமாதானம் பேச, சிவபெருமானையே தூது அனுப்பினார் சுந்தரர். கொஞ்சம் அதிகம்தான்!

இதைக் கேட்ட ஏயர்கோன் கலிக்காமர் கொதித்தார். கடவுளை இரவில் வீதியில் நடக்க வைப்பதா? அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. சுந்தரரின் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று இருந்தார்.

கலிக்காமருக்குக் கொடிய சூலை நோய் வந்தது. சுந்தரரால்தான் அது தீரும் என்று சிவபெருமான் அறிவித்தார். அவர் கையால் பிழைப்பதைவிடச் சாவதே மேல் என்று, கலிக்காமர் வாளால் தம் உயிரைப் போக்கிக்கொண்டார்.

அந்த நேரத்தில் சுந்தரர் வந்து சேர்ந்தார். கலிக்காமரின் மனைவி அழுகையை அடக்கினார். கணவர் உறங்குகிறார் என்று சொல்லச் சொன்னார். சுந்தரர் பார்த்தே தீரவேண்டும் என்றார்.

பார்த்தார். பதறினார். தம்மால் வந்த சாவு என்று, அதே வாளை எடுத்தார்.

இறையருளால் கலிக்காமர் உயிர்பெற்று எழுந்தார். சட்டென்று வாளைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் காலில் ஒருவர் விழுந்தார்கள் என்கிறது, 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரிய புராணம்.

பிறகு இருவரும் சேர்ந்தே திருப்புன்கூர் கோவிலுக்குப் போனார்கள்.