இறம்பொடையில் பிறந்த ருக்மணி தேவி

கேகாலையில் தோட்டத்திற்கும் சிங்களக் கிராமத்திற்கும் நடுவே வளர்ந்த நம்மில் பலருக்கு ருக்மணி தேவியின் குரல் பழக்கமானது. அயல்வீட்டு வானொலியில் கேட்டே அவருடைய சிங்களப் பாடல்களைச் சொல் பிசகாமல் பாடினோம். அவர் தமிழ்ப் பெண் என்பதை மட்டும் எவரும் நமக்குச் சொல்லவில்லை.

1923 ஜனவரி 15ஆம் திகதி நுவரெலியா மாவட்டத்து இறம்பொடையில், கொழும்புச் செட்டி சமூகத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் டெய்சி ராசம்மா டேனியல்ஸ். கொழும்பில் சிறுமியாக இருக்கும்போதே மேடையேறி, சிங்கள இராமாயண நாடகத்தில் சீதையாக நடித்தார். 1939இல் எச். டபிள்யூ. ரூபசிங்கவுடன் அவர் பாடிய முதல் இசைத்தட்டு வெளிவந்தது. கிறிஸ்தவப் பெண் பாடிய அந்தப் பாட்டு புத்தகயாவைப் பற்றியது!

பின்னர் பி. ஏ. டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவில் சேர்ந்தார். அவருடைய சகோதரரான நகைச்சுவை நடிகர் எடி ஜயமான்னவை மணந்தார். அக்குழுவின் நாடகமொன்றே முதற் சிங்களப் பேசும் படமாயிற்று. 1947 ஜனவரி 21இல் திரைக்கு வந்த 'கடவுனு பொரொந்துவ' அது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். இயக்கியவர் ஜோதிஷ் சிங் என்ற வங்காளி. எடுத்த இடம் மதுரை சித்ரகலா மூவிடோன். கதாநாயகி நம் ராசம்மா. பின்னாளில் யார் எந்த மொழிக்கு உரியவர் என்று சண்டை பிடித்தவர்கள் இந்தப் பட்டியலை ஒருமுறை வாசித்திருக்கலாம்.

நடிப்போடு பாட்டும் அவருடையதே. சேலத்தில் பிறந்த மொகிதீன் பேக்குடன் அவர் பாடிய சிங்கள ஜோடிப் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன.

1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'ரேகாவ' வந்தது. தென்னிந்திய ஸ்டூடியோக்களை விட்டு, கமரா கிராமத்து வெயிலுக்குப் போனது. உரத்துப் பேசி, கண்ணீர் வடித்து நடிக்கும் மேடைப் பாணி பழசாகிவிட்டது. அது கலைக்கு நல்லதே. ஆனால் அந்தப் பாணியிலேயே பேரெடுத்தவருக்கு அது இலேசான காலமல்ல. கதாநாயகி வேடம் போய், துணைப் பாத்திரங்கள் வந்தன. அவற்றையும் ஏற்றார். ஊர் ஊராக இசை நிகழ்ச்சிகளிலும் பாடினார்.

அப்படி மாத்தறையில் பாடிவிட்டுத் திரும்புகையில், 1978 ஒக்டோபர் 28இல், ஜா-எலவுக்கு அருகே துடல்லவில் நேர்ந்த வாகன விபத்தில் இறந்தார். வயது 55.

இலங்கைக்குத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில்தான் வந்தது. நம் வீட்டுக் கூடங்களில் நாம் அவரைக் கண்டதெல்லாம், அவர் போன பிறகு ஒளிபரப்பான பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில்தான்.