டார்வின் பார்த்த குழந்தை முகம்

இந்த மே மாதம் முள்ளிவாய்க்கால் கஞ்சியைச் சிரட்டையில் வாங்கி, என் மகளுக்கு ஒரு மிடறு பருக்கினேன். முகத்தைச் சுளித்து, நாக்கால் வெளியே தள்ளிவிட்டாள். 2009இல் அந்தக் கஞ்சிக்காக வரிசையில் நின்றவள் நான். மனம் நொந்தது. அன்றிரவு சார்ள்ஸ் டார்வினை மீண்டும் எடுத்து வாசித்தேன்.

1809இல் இங்கிலாந்தில் பிறந்த டார்வினைக் கூர்ப்புக் கொள்கையோடு சேர்த்துப் பாடசாலையில் படித்தோம். அவர் பத்துப் பிள்ளைகளின் தகப்பன் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. 1839 டிசெம்பரில் மூத்த மகன் வில்லியம் பிறந்தபோதே, குழந்தை எப்படி அழுகிறது, எப்போது சிரிக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார். முகபாவங்கள் எல்லா மனிதருக்கும் பொதுவானவையா என்று அறியப் பல நாடுகளுக்கும் கேள்விகள் அனுப்பினார். இலங்கையிலிருந்தும் ஒரு பாதிரியார் பதில் எழுதினார்.

மூன்று பிள்ளைகளைச் சிறு வயதிலேயே பறிகொடுத்தவர் அவர். 1851இல் மகள் ஆனி பத்து வயதில் நோயால் இறந்தாள். ஒரு வாரம் கழித்து, அவளுடைய முகமும் குணமும் நினைவிலிருந்து மங்கிவிடாதபடி எழுதிவைத்தார். இறந்த பிள்ளையின் படம் ஒன்றுகூட மிஞ்சாத வீடுகள் நம்மிடையே பல. அந்த எழுத்தின் தேவை நமக்குப் புரியும்.

உணர்ச்சிகளின் வெளிப்பாடு பற்றிய அவரது நூல் 1872இல் வந்தது. அதில் தன் குழந்தையொன்றைப் பற்றிச் சொல்கிறார். ஐந்து மாதத்தில் முதன்முறையாகக் குளிர்ந்த நீர் கொடுத்தார்கள். அடுத்த மாதம் பழுத்த செரிப்பழத் துண்டொன்றை வாயில் வைத்தார்கள். இரண்டு தடவையும் குழந்தை உதடுகளைக் கோணி, நாக்கை நீட்டி வெளியே விட்டது. உடலும் சற்றுச் சிலிர்த்தது. பார்ப்பவருக்கு அது அருவருப்பு. ஆனால் டார்வின் வாயோடு நிற்காமல் கண்களையும் நெற்றியையும் பார்த்தார். அங்கே தெரிந்தது வியப்பும் யோசனையும். குழந்தை உண்மையில் அருவருத்ததா என்பதே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

1882இல் டார்வின் இறந்தார். முதலில் மறுக்கும் உணவையும், வற்புறுத்தாமல் பல தடவை கொடுத்தால் பிள்ளைகள் ஏற்கப் பழகலாம் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டின.

என் மகளின் வாயை மட்டும்தான் நான் பார்த்தேன். நம் கதையையே அவள் துப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அவளுக்கோ அது புதுச் சுவை, அவ்வளவுதான். அடுத்த மே மாதமும் ஒரு மிடறு கொடுப்பேன். அப்போது கண்களையும் பார்ப்பேன்.